ஓரத்தில் நிற்கும் வேலைக்காரன்

என் அக்காவின் கணவரை எதிரில் இருக்கும்போது முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் அத்தான் என்பேன். அவர் தலை மறைந்ததும் எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர் உள்குத்து. வைத்தவன் நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் "என்ன, இன்னைக்கு லீவா?" என்று கேட்டால், சிரித்த முகமாக "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, "எதுக்கு அப்படிக் கேட்டான்? இதுல ஏதோ உள்குத்து இருக்கு" என்று சாப்பாடு ஆறும்வரை யோசிக்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அவருக்கு வேலை அச்சகத்தில். பிழை திருத்துபவர். மூன்று மாதம் தற்காலிகமாக என்று போய் உட்கார்ந்தவர், இருபத்தாறு வருடமாக எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு முதுகு, சுவருக்கு முகம் என்று மேசை போட்டிருப்பார்கள். வெளிச்சம் தாளில் விழ வேண்டும், கண் வெளியே போகக் கூடாது. பேருந்து நேர அட்டவணை, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாள், பள்ளிக்கூட வினாத்தாள், துண்டறிக்கை எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் ஊருக்குள் வரும். அவர் படிக்கிற விதம் தனி. வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, பென்சில் முனையை ஒவ்வோர் எழுத்தின் மேலும் நிறுத்தி, கடைசி வார்த்தையில் தொடங்கி முதல் வார்த்தைக்கு வருவார்.

"நேரா படிச்சா அர்த்தம் வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும் மாப்ள. அர்த்தத்தைப் பார்த்தா எழுத்து தப்பிச்சிடும்" என்பார்.

ஒருமுறை ஒரு தடிமனான புத்தகத்தைத் திருத்தி முடித்திருந்தார். எதைப் பற்றிய புத்தகம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நூத்தி அறுபது பக்கம். எண்பத்திரண்டு இடத்துல ஒற்று விட்டிருந்தான்" என்றார்.

ஆறு நாளும் இப்படி அர்த்தத்தைக் கிட்டே சேர்க்காமல் விரட்டிய மனிதர், ஏழாவது நாள் எல்லாவற்றையும் வட்டியோடு பிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்னறையில் படம் ஓடும். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். இரும்பு அலமாரி நிறைய நானூறு குறுந்தட்டுகள். பாலிதீன் உறை போட்ட ரிமோட் அவர் வலது கையில். படம் ஓடும் என்று சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துவார். ஒன்றரை மணி நேரப் படத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் இருட்டுவதற்குள் பாதி முடிந்தால் அதிகம்.

கதாநாயகன் தண்ணீர் குடித்துவிட்டுப் பாதி டம்ளரை மேசையில் வைப்பான். நிறுத்துவார்.

"பாரு. பாதி வாழ்க்கை."

"தாகம் தீர்ந்திருக்கும் அத்தான்."

பனிமூட்டத்தில் ஒரு நாய் தெருவைக் கடக்கும். அந்த நாயை வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டினார். படம் பிடித்துக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்த தெருநாயாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படின்னு உன்னை நினைக்க வைக்கிறார் பாரு, அதுதான் டைரக்டர்" என்றார். இந்தப் பதிலுக்கு மேல் யார் என்ன பேச முடியும்? எனக்கு மண்டை காய்ந்துவிடும். இருந்தாலும் ஞாயிறு தவறாமல் போவேன். அக்கா கையால் ஒரு வாய் சாப்பிட்டால்தான் எனக்கு அந்த வாரம் முடியும்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதுகிறவன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் வந்து சொன்னால் தண்ணீர் வரவில்லை என்றுதான் எழுதுவேன். அதற்குள் வேறு அர்த்தம் தேடிக் குடைய மாட்டேன். அதனால் எனக்கு அத்தானைப் பார்த்தால் இளக்காரம். அவருக்கு என்னைப் பார்த்தால் பரிதாபம். இருபது வருடம் இப்படியே நல்லபடியாகப் போனது.

அக்கா மட்டும் அவரைக் கேலி செய்ததே இல்லை. அவள் ஆயத்த ஆடைக் கடைக்குப் பொத்தானும் கொக்கியும் தைத்துக் கொடுப்பாள். ஒரு நாளைக்கு நூறு சட்டை. ஊசியில் நூல் கோர்ப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். நூலை நாக்கில்கூட வைக்க மாட்டாள், ஒரே குத்து. "உனக்குக் கண்ணு கண்ணாடி இல்லாமலே பூதக்கண்ணாடிக்கா" என்பேன். படம் ஓடும்போது அவள் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் நிற்பாள். காய் நறுக்கிய தட்டோடு வருவாள், எட்டிப் பார்ப்பாள், போய்விடுவாள். மகள் வெளியூரில் படிக்கப் போன பிறகுதான் அவளும் உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தாள். வீடு வெறிச்சென்று இருந்திருக்கும்.

அத்தானுக்கு உயிரான படம் ஒன்று உண்டு. வீட்டில் அதற்குப் பெயர் மாடிப்படிப் படம். ஒரு பெரிய மாளிகை. எஜமானி விளக்குக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் படிக்கிறாள். படத்தின் இடது ஓரத்தில், மாடிப்படியின் அடியில், ஒரு வேலைக்காரன் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறான். நாலு நிமிடம். அவன் அசையவில்லை, பேசவில்லை, எஜமானி அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த வேலைக்காரன் எதற்கு அங்கே நிற்கிறான் என்பது அத்தானின் பதினைந்து வருடக் கேள்வி. தட்டு கொண்டுவந்தவன் தட்டை வாங்கிக்கொள்ளும்வரை நிற்பான் என்பது என் பதில். அதை அவர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்சியில் நிறுத்திவிட்டு, என்னை விட்டுவிட்டு அக்காவைக் கேட்டார்.

"இங்க பாரு. இதுல உனக்கு என்ன தெரியுது?"

"ஒரு அம்மா கடுதாசி படிக்கிறாங்க."

"வேற?"

"விளக்கு இருக்கு."

"வேற யாரு?"

"வேற யாரும் தெரியலைங்களே."

அத்தான் ரிமோட்டைக் கீழே வைத்தார். இருபது வருடத்தில் படம் முடியும் முன்பே அவர் ரிமோட்டைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. நாற்காலியைத் திருப்பி அக்காவுக்கு நேராக உட்கார்ந்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"மாப்ள, கேட்டியா? யாரும் தெரியலைங்கிறா! ஆள் நிக்கிறான், ஆறடி உயரம், ஆனா தெரியல. ஏன்? வேலைக்காரன்! வேலைக்காரனைப் பார்க்க நம்ம கண்ணைப் பழக்கல. அதுக்குத்தான்யா அவனை அங்க நிறுத்தியிருக்காரு! பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னே நிறுத்தியிருக்காரு!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா ஒன்றும் புரியாமல், ஆனால் சந்தோஷமாக, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவள் கண்ணுக்கு அந்த வேலைக்காரன் தெரியவில்லை. இடது பக்கம் இருந்த எதுவுமே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் பார்வை ஓரத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. நேர் பார்வை நன்றாக இருந்ததால் ஊசியில் நூல் கோர்த்தாள், நானும் பூதக்கண்ணாடி என்றேன். இது எங்கள் மரமண்டையில் ஏற இன்னும் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் ஒவ்வொரு நாளும் அவள் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தது.

அத்தானோ தரையில் கால் பாவாமல் நடந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அக்காவை உட்கார வைத்துப் பரிசோதனை. படத்தை நிறுத்துவார், "என்ன தெரியுது?" என்பார். அவள் தெரிந்ததைச் சொல்வாள். "அந்த மூலையில?" என்பார். "அங்க ஒண்ணும் தெரியலைங்க" என்பாள். உடனே ரிமோட் கீழே, நாற்காலி அவள் பக்கம். இடது ஓரத்தில் நிற்கிற வண்டிக்காரன், தோட்டக்காரன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆயா என்று ஒரு பட்டியலே சேர்ந்துவிட்டது. பழைய படங்களில் ஏழைகள் எல்லாம் இடது ஓரத்திலேயே நிற்கிறார்கள் என்பது அத்தானின் இரண்டாவது கண்டுபிடிப்பு. வலது ஓரத்திலும் நிறையப் பேர் நின்றார்கள். ஆனால் அவர்களை அக்கா டக்கென்று சொல்லிவிடுவாள். அதனால் அவர்கள் அவருக்குப் பிரயோஜனப்படவில்லை.

இதற்கிடையில் வீட்டில் வேறு சில விஷயங்கள் நடந்தன. அக்கா ஒரு நாள் டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினாள். இன்னொரு நாள் அவர் நீட்டிய சட்டையை வாங்காமல் அவரைத் தாண்டிப் போய்விட்டாள். இடது தோள் கதவு நிலையில் இடித்து இடித்துக் கன்றிப்போயிருந்தது. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் "கண்ணு தெரியலையா?" என்று கத்தியாவது இருப்பான். கத்தியிருந்தால் விஷயம் அன்றே தெரிந்திருக்கும். அத்தான் கத்தவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தெருக்கோடிவரை நடத்திக்கொண்டு போனார்.

"மாப்ள, உங்கக்கா மனசுல ஏதோ இருக்கு."

"என்ன அத்தான்?"

"நேத்து டம்ளர்ல ஊத்தாம மேசையில ஊத்தினா. 'உங்களுக்கு ஊத்தறதும் தரையில ஊத்தறதும் ஒண்ணு'ன்னு சொல்றா. இன்னைக்கு நான் எதிர்ல நிக்கறேன், ஆளே இல்லாத மாதிரி போறா. வாயால சொல்ல மாட்டேங்கிறா. பொடி வெச்சு நடத்தறா."

"அக்காவா?"

"உனக்குத் தெரியாது. பன்னெண்டு வருஷம் முன்னாடி அவ சின்னம்மா வீட்டு விசேஷத்துக்கு நான் வரலைன்னேன் பாரு, அதை மனசுல வெச்சிருக்கா."

மறுநாள் அவர் போய் அக்காவிடம் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவளுக்கு எந்த விசேஷம் என்றே நினைவில்லை. அவர் சங்கடப்படக் கூடாதே என்று, "பரவால்லைங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டாள். "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

நூலகத்து மாடியில் பழைய படச் சங்கம் ஒன்று உண்டு. உறுப்பினர் பதினொருவர், கூட்டத்துக்கு வருவது ஏழு பேர், அதிலும் இரண்டு பேர் மின்விசிறிக்காக. அவர்கள் வருடத்துக்கு ஒரு மலர் போடுவார்கள். அந்த மலரைப் பிழை திருத்திக் கொடுப்பது அத்தான்தான், சும்மா. ஆனால் அவர் எழுதிய ஒரு கட்டுரையும் பன்னிரண்டு வருடமாக அதில் வந்ததில்லை. நாய் கட்டுரை திரும்பி வந்தது. பாதி டம்ளர் கட்டுரை திரும்பி வரக்கூட இல்லை. மற்றவர்கள் எழுதியதைக் கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைவரை படித்து ஒற்றுப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார் பாவம். இந்த வருடம் "தெரியாத வேலைக்காரன்" என்று எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினார். எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது மட்டுமில்லை, ஆண்டுக் கூட்டத்தில் காட்சியைத் திரையில் போட்டு அவரையே பேசச் சொன்னார்கள். வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் விருந்தினராக வருகிறார் என்றார்கள்.

கட்டுரையில் அக்காவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. "படிப்பும் கோட்பாடும் தீண்டாத ஒரு சாதாரணப் பார்வையாளரின் கண்" என்று எழுதியிருந்தார். அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினார். அவள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

கூட்டம் ஞாயிறு பிற்பகல். ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அக்கா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள், அவளுக்குப் பின்னால் நான். வருகிற வழியில், நூலக வாசலின் மூன்று படியில் இரண்டு முறை தடுக்கியிருந்தாள். செருப்பு புதுசு என்று நானே காரணமும் கண்டுபிடித்திருந்தேன்.

அத்தான் பேசினார். நன்றாகவே பேசினார் என்று சொல்ல வேண்டும். கடைசியில் அந்தக் காட்சியைப் போடச் சொன்னார். எட்டடித் திரையில் மாளிகை, விளக்கு, எஜமானி. இடது ஓரத்தில் அந்த வேலைக்காரன், நிஜ ஆள் உயரத்துக்குத் தூண் மாதிரி நின்றான். எனக்கே அவனைப் பார்த்ததும் எழுந்து வழிவிட வேண்டும் போல் இருந்தது.

அத்தான் அக்கா பக்கம் திரும்பினார். "சபைக்குச் சொல்லும்மா. எத்தனை பேர் தெரியறாங்க?"

அக்கா எழுந்து நின்றாள். "ஒருத்தங்கதாங்க."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"அந்த அம்மா மட்டும்தாங்க தெரியறாங்க."

கைதட்டல் அடங்க நேரமானது. பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு சமூகம் நம் கண்ணை எப்படிப் பழக்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இவ்வளவு பெரிய உருவம், ஆனால் தெரியவில்லை என்கிறார்!" என்றார். அக்காவின் முகம் பூரித்துப்போயிருந்தது. சரியான விடையைச் சொல்லிவிட்டோம், அவர் பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பூரிப்பு.

அப்போதுதான் பின்னால் புரொஜெக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவர் கருவியை விட்டுவிட்டு நடந்து வந்தார். நூலகத்தில் மின்வேலை பார்க்கிறவர். படம் போடுகிற நாளில் புரொஜெக்டரும் அவர் பொறுப்பு. சுவரோரமாக வந்து அக்காவின் இடது பக்கம் நின்றார். கையை உயர்த்தி விரல்களை விரித்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. திரும்பாம நேரா பார்த்துட்டே இருங்க. நான் எத்தனை விரல் காட்டறேன்?"

"யாருங்க பேசறது?" என்றாள் அக்கா.

அவர் அவளுக்கு ஒன்றரை அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பார்த்தீர்களா, இவரும் தெரியவில்லை! அற்புதம்!" என்றார் பேராசிரியர். இரண்டு மூன்று பேர் மறுபடியும் கைதட்டத் தொடங்கினார்கள்.

"சார், இது கைதட்டற விஷயம் இல்ல" என்றார் புரொஜெக்டர்காரர். "எங்க மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. இந்த அம்மாவுக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கதவு நிலை, டம்ளர், மூன்று படி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மண்டையில் இறங்கின. அத்தானைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மனிதர் அந்த நேரத்திலும் அவர்தான். புரொஜெக்டர்காரரின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துக்கொண்டு போய், தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இதை உங்களை யாரு சொல்லச் சொன்னா? சங்கச் செயலாளரா?"

"யாரும் சொல்லலைங்க. பார்த்தாலே தெரியுது" என்றார் அவர்.

மறுநாள் காலை மூன்று பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிண்ணம் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி மின்னும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது. நாலைந்து முறை டக் டக்கென்று கேட்கும். பிறகு நின்றுவிடும். நின்றது நின்றபடியே இருக்கும். அடுத்த சத்தம் எப்போது வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு வட்டங்கள், ஒன்றில் பெரும்பகுதி கறுப்பு.

"கண்ணுக்குள்ள அழுத்தம் அதிகமாகி நரம்பு கெட்டுப்போச்சு. இடது கண்ணுல முக்கால்வாசி போயிடுச்சு. வலது கண்ணுல மூக்குப் பக்கத்து ஓரம் போயிருக்கு. போனது திரும்பாது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து போடணும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது."

"நீங்க இதுல என்ன சொல்ல வர்றீங்க டாக்டர்?" என்றார் அத்தான்.

"சொல்ல வர்றதா? சொல்லிட்டேனே" என்றார் டாக்டர். "ஒரு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா வலது கண்ணு முழுசா மிச்சமாகியிருக்கும். இவ்வளவு நாளா வீட்ல யாருக்கும் தெரியலையா?"

வெளியே வந்தோம். மருந்து கொடுக்கிற ஜன்னலில் அக்கா வரிசையில் நின்றாள். பக்கத்துச் சுவரில் ஒரு கம்பித் தட்டில் துண்டறிக்கைகள் செருகியிருந்தன. அத்தான் ஒன்றை உருவினார். தாளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு; எழுத்து அவர்கள் அச்சக எழுத்து. வழக்கம்போல் கட்டைவிரலை வரிக்குக் கீழே வைத்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு முதல் வார்த்தையிலிருந்து படித்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒரு தாளை அப்படி நேராகப் படித்தது அன்றுதான். 'பக்கப் பார்வை குறைதல். நடக்கும்போது ஒரு பக்கமாக இடித்துக்கொள்ளுதல். ஊற்றும்போது குறி தவறுதல். நேர் பார்வை நன்றாக இருப்பதால் வீட்டில் இருப்பவர்கள்...' அதற்குமேல் நான் அவர் தோளுக்கு மேலாகப் படிக்கவில்லை.

"பத்து மாசம் முன்னாடி என் மேசைக்கு வந்துது மாப்ள" என்றார். "பக்க பார்வைன்னு இருந்துது. நான்தான் நடுவுல ஒரு ப் போட்டேன்."

வைய வேண்டும் என்று வாய்வரை வந்தது. எந்த முகத்தோடு வைவது? 'தெரியலை' என்று ஒருவர் என் மேசைக்கு முன் வந்து சொன்னால், கண்ணுக்குத் தெரியவில்லையா, விவரம் தெரியவில்லையா என்று இரண்டாவது ஒரு கேள்வி கேட்டுத்தான் நான் எழுதுவேன். அது என் வேலை, அதற்குத்தான் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் சொந்த அக்கா என் காதுபட நூறு முறை 'தெரியலை' என்று சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேருந்தில் கடைசி நீள இருக்கை கிடைத்தது. அக்கா நடுவில், இடது பக்கம் அத்தான், வலது பக்கம் நான். மருந்துப் பையை அக்கா மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு சரியில்லைன்னு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அத்தான்.

"தெரியலை தெரியலைன்னு சொல்லிட்டேதானேங்க இருந்தேன்."

"நான் அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

இருவரும் அவளைப் பார்த்தோம். அவள் திரும்பவில்லை.

"முதல்ல எனக்கும் புரியல. ஒரு நாள் படம் நிக்கறப்ப தலையைத் திருப்பிப் பார்த்தேன். அங்க ஒரு ஆள் நிக்கறான். அட, நமக்குத்தான் அந்தப் பக்கம் தெரியலையான்னு அப்பவே ஒரு மாதிரி இருந்துது. சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். நீங்க ரிமோட்டைக் கீழே வெச்சுட்டு என் பக்கம் திரும்பி உக்காந்துட்டீங்க. இருபத்திரண்டு வருஷத்துல நீங்க என்கிட்ட அப்படி முகத்தைப் பார்த்து உக்காந்து பேசினது இல்லைங்க. ஆள் நிக்கறான்னு சொல்லிட்டா அது நின்னுடும்ல. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அதுக்கு அடுத்த வாரமும் அப்படியே விட்டேன்."

சொல்லிவிட்டு அக்கா மருந்துப் பையின் வாயை மடித்து, மறுபடியும் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

ஒரு நாயை நாலு மாதம் யோசித்த மனிதர். இப்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்து எழுந்து, ஆடுகிற பேருந்தில் எங்கள் கால்களைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றார்.

"மாப்ள, எழுந்திரு. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்."

நான் எழுந்து இடம் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து அவள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்தாள். நான் போய் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதால் அவளுக்குத் தெரியாது.